ராத்தாவும் புதுக் குளிசையும்

கல்முனை ஆஸ்பத்திரி வாங்கில் ராத்தா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கால்கள் மட்டும் உட்காரவில்லை. வலது பாதம் இறங்க இடது ஏறும், இடது இறங்க வலது ஏறும். சீமெந்துத் தரையில் தறி மிதிப்பதைப் போல அவை ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. பக்கத்திலிருந்த பெண் சற்றுத் தள்ளிப் போனாள். ராத்தா அதைக் கவனித்துவிட்டுச் சேலையை இழுத்துப் பாதங்களை மூடினாள். சேலைக்குள்ளும் அவை நிற்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், மாரி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முந்திய காலை அது. ராத்தா என் அக்கா, எனக்கு எட்டு வயது மூத்தவள். மருதமுனையில் எங்கள் வளவில் இருந்த தறியில் ஆண்கள் உடுத்தும் சாரம் நெய்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய். மூன்றாவது குழந்தை பிறந்த அன்றே மவுத்தாகிப் போக, அவளுக்கு நித்திரை இல்லாமல் போயிற்று. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னாள். ஓதிப் பார்த்தோம், தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். ஒருநாள் கிணற்றுக் கட்டில் ஏறி நின்றவளை அவள் கணவர், என் மச்சான், இழுத்துப் பிடித்தார். அதன் பிறகுதான் கொழும்பிலுள்ள மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மூன்று மாதம் அங்கே இருந்தாள். அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஒரு குளிசையைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது கிணற்றுச் சத்தம் நின்றுபோயிருந்தது. படலைக்குள் நுழைந்ததும் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். உம்மா அந்த இடத்திலேயே நெற்றி தரையில் பட சுஜூது செய்தார். நான் அப்போது பாடசாலை ஆசிரியன். குளிசை கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவள் விழுங்கிய பின் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். மூத்தவளிடம் அப்படி நடந்துகொண்டதை நினைக்க இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வீடு வந்த இரண்டாம் மாதம் கை நடுங்கத் தொடங்கியது. முழங்கை விறைத்தது, முகத்தில் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றிலும் கொடுமை, அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போனதுதான். சோற்றை அள்ளி வாயில் வைத்துவிட்டு எழுந்து நடப்பாள், திரும்பி வந்து இன்னொரு பிடி அள்ளுவாள். தொழுகையில் அத்தஹிய்யாத் ஓத உட்கார்ந்திருக்கும்போது பாதியில் எழும்பிவிடுவாள். “அல்லாஹ்வுக்கு முன்னாலயும் இருக்க ஏலாமக் கிடக்கு” என்று ஒருநாள் அழுதாள்.

அதற்காகத்தான் அன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். டொக்டர் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர், யாரையும் ஏசாதவர். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்தார். மனம் இன்னும் அமைதிப்படவில்லை, அதுதான் கால்களில் தெரிகிறது என்றார். குளிசையைக் கூட்டி எழுதினார். இது வருத்தமல்ல, நோயல்ல, மருந்து செய்கிற வேலை என்று ராத்தா சொன்னாள். டொக்டர் அவளைவிட்டு என் பக்கம் திரும்பினார். “இந்த வருத்தக்காரர் மருந்தைத்தான் குற்றம் சொல்லுவினம், மாஸ்டர்.” நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் ராத்தா என்னைவிட்டு விலகி முன்னால் நடந்தாள்.

கூட்டிய குளிசையோடு நடையும் கூடியது. அதற்குள் மாரி வந்தது. மட்டக்களப்பிலிருந்து மருந்து வரும் பாதையில் வெள்ளம் ஏறியதால் பதினொரு நாட்கள் எங்களுக்குக் குளிசை கிடைக்கவில்லை. ஐந்தாம் நாளளவில் கால்கள் அடங்கத் தொடங்கின. ஏழாம் நாள் அவள் முழுத் தொழுகையும் இருந்து தொழுதாள். முடித்த பிறகும் பாயைவிட்டு எழும்பாமல் கனநேரம் இருந்தாள். பத்தாம் நாள் விடிய என்னைக் கூப்பிட்டு, கிணற்றில் மறுபடியும் சத்தம் கேட்கிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

வெள்ளம் வடிந்து மறுபடி டொக்டரிடம் போகும்போது, அந்தச் சத்தத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டாமென்று மச்சான் கெஞ்சினார். திரும்பவும் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. எனக்கும் அதே பயம்தான். ஆனால் ராத்தா ஒன்றையும் மறைக்கவில்லை. கால்கள் அடங்கிய நாளையும் சொன்னாள், சத்தம் திரும்பிய நாளையும் சொன்னாள்.

“நான் சொன்னதுதானே. மருந்து நிண்டதும் வருத்தம் வந்திட்டுது” என்றார் டொக்டர்.

“ஓம் டொக்டர். நீங்க சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. ரெண்டும் இந்த ஒரு ஒடம்புலதான் நடந்திச்சு.”

குளிசையை நிறுத்தச் சொல்லி அவள் கேட்கவில்லை. குறைக்கச் சொல்லித்தான் கேட்டாள். ராத்தா முந்தானையைக் கையில் மணிக்கட்டு வரை சுற்றி, அந்தக் கையை மேசைக்கு மேலாக நீட்டினாள். “அங்கயிருந்து பார்த்தா வெளங்காது. புடிச்சி மடக்கிப் பாருங்க” என்றாள். அந்நிய ஆணின் முன்னே முக்காட்டைச் சரிசெய்யாமல் நிற்கவே மாட்டாதவள் அவள். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை நான் தலையாட்டாமல், அவளிடமே கேளுங்கள் என்றேன். அவர் எழுந்து வந்து சேலைத் துணிக்கு மேலாக அவள் கையைப் பிடித்து மடக்கினார். கை ஒரேயடியாக மடங்கவில்லை. பற்சில்லு ஒவ்வொரு பல்லாகச் சுற்றுவதைப் போல விட்டுவிட்டு மடங்கியது. இன்னொரு முறை மடக்கிப் பார்த்தார். மற்றக் கையையும் பார்த்தார்.

அன்று அவர் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. கொழும்பிலுள்ள பெரிய டொக்டருக்குக் கடிதம் எழுதுவதாக மட்டும் சொன்னார், எழுதவும் செய்தார். குளிசையைப் பாதியாகக் குறைக்கும்படியும், விறைப்புக்கு வேறொரு மருந்து கொடுக்கும்படியும் பதில் வந்தது. அதற்குப் பிறகும் நடுக்கம் முற்றாகப் போகவில்லை. முன்னைய வேகத்தில் அவளால் நெய்ய முடியவில்லை. ஆனாலும் சாப்பாட்டுக்கு இருந்தாள், தொழுகைக்கு இருந்தாள், பிள்ளைகளுக்குத் தலை வார இருந்தாள். கிணறும் பேசவில்லை.

இப்போது அந்த மாதிரியான மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாள் வருகிறது. நடுக்கம், விறைப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாமை எல்லாம் அதில் அச்சாகியிருக்கின்றன. அன்று ராத்தா அதை ஒரு தாளிலும் வாசிக்கவில்லை.

கொழும்பிலிருந்து பதில் வந்த அடுத்த வருடம் நற்பிட்டிமுனையிலிருந்து ஒருவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண்ணும் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பற்றி யார் சொன்னது என்று கேட்டேன். “டொக்டர்தான் அனுப்பினார். ஒங்கட ராத்தாக்கிட்ட ஒருக்காக் கதைச்சிட்டு வரச் சொன்னார்” என்றார் அவர். ராத்தா அந்தப் பெண்ணைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனாள். போகும்போதே, “இரி எண்டு நான் ஒன்னச் சொல்ல மாட்டன், புள்ள. வா, ரெண்டு பேரும் நடந்துக்கிட்டே கதைப்பம்” என்று சொல்வது கேட்டது.