எட்டாவது வளைவில் காரைத் திருப்ப வைத்தேன்

விவேக் நகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

போன மாதம் எங்கள் எலெக்ட்ரிக் காரில், வீசிங் உள்ள மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஏற்காடு கிளம்பினோம். மலையடிவாரத்தில், இன்னும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்று திரை காட்டியது.

"இங்கயே சார்ஜ் போட்டுடலாங்க" என்றேன்.

"மேல போக இருபத்திரண்டு கிலோமீட்டர்தான். இந்தக் கணக்குகூடத் தெரியாதா? சும்மா குந்து" என்றார் கணவர்.

எட்டாவது கொண்டை ஊசி வளைவில் திரை இருபத்தைந்து என்றது. பாதி மலைகூட ஏறவில்லை. சார்ஜை மிச்சம் பிடிக்க அவர் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். முன்னால் போன பஸ்ஸின் புகையில் மாமியாருக்கு இழுக்க ஆரம்பித்தது.

"வண்டியத் திருப்புங்க!"

"பின்னால வண்டில வர்றவங்க எல்லாரும் பாக்கறாங்க, மானத்த வாங்காதடி."

"பாக்கட்டும்! நடுமலைல நின்னா அத்தைய நீங்க தூக்கினு போவீங்களா?"

பின்சீட்டிலிருந்து மாமியார், "திருப்புடா" என்றார்.

அடிவாரத்துக்கு இறங்கி, மாமியாருக்கு இழுப்பு அடங்கி சார்ஜும் நிரம்பும்வரை காத்திருந்து மறுபடி ஏறினோம். மேலே சேர்ந்தபோது திரையில் அறுபது கிலோமீட்டர் குறைந்திருந்தது. என் அளவு நோட்டில் குறித்துக்கொண்டேன்.

தையலுக்குத் துணி விட்டு வெட்டுகிறவள் நான். இப்போது மலை என்றால் ஒரு கிலோமீட்டரை மூன்றாகத்தான் எண்ணுகிறேன். பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். சொல்லட்டும். நான் சரி என்று சொல்லாமல் அந்தக் கார் மலை ஏறாது.