அதிரச டின்னும் நீல மருந்தும்

மெட்ராஸ் ராஜதானிக் காலத்துச் சித்தூரில், என் நைனாவின் சிறுநீரை நான் ஆவலோடு எதிர்பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அத்தை, ஆராதனைக்குப் போகுமுன் எங்கள் வீட்டுக்கு வருவாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் நைனாவுடையதை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் வீடு இரண்டுபடும். எனக்கு ஒன்பது வயது. அந்தக் குழாயை ஒருமுறையாவது பிடித்துக் காய்ச்சிவிட ஏங்கினேன். எனக்குக் கிடைத்ததோ, கொல்லையிலிருந்து நைனா நிரப்பிவைத்த சீசாவைக் கொண்டுவரும் வேலை.

அந்த நிறத்துக்குப் பருவகாலம் இருந்ததுதான் விசித்திரம். நைனா உபதேசியார். கோடையில் நகரிப் பக்கத்து ஊர்களையெல்லாம் நடந்தே சுற்றுவார். வழியில் திருட்டு மாம்பழம் தின்றதை என்னிடம் மட்டும் ஒப்புக்கொள்வார். அப்போதும் குழாய் இளம்பச்சையைத் தாண்டாது. டிசம்பர் குளிரில் கம்பளியும் இருமலுமாக வீட்டோடு முடங்கும்போதுதான் சிவக்கும். அம்மா அதிரசம் சுட்டு டின்னில் அடைப்பதும் அந்த மாதம்தான். அத்தைக்கு வேறு சாட்சி எதற்கு?

"எத்தினி துன்ன, அண்ணா?"

"ஒண்ணுகூடத் துன்னலம்மா."

"அப்ப இது ஏன் இப்படிச் செவந்துகினு நிக்குது? அடுத்த வாரமும் இப்படி வந்தா கிறிஸ்மஸ்ஸுக்கு நீ ஆஸ்பத்திரிதான். பிரசங்கம் கிடையாது."

சத்தியம் செய்யக் கூடாது என்று ஊர் ஊராகப் பிரசங்கித்தவர். தனக்கென்று ஒரு சத்தியம் செய்ய வழியில்லை. அந்த வருஷப் பிரசங்கத்தை ஒரு மாதமாக முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தார், பாவம்.

வாரம் முழுக்க டின்னுக்கு நான் காவல். நைனா அந்தப் பக்கமே வரவில்லை. நான் தூங்கிய பிறகு எடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஞாயிறு காலை சீசாவைக் கொட்டிக் கழுவி, என்னுடையதை நிரப்பிக் கொடுத்தேன்.

குழாய் நீலமாகவே நின்றது. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பா பேசிட்டேண்ணா" என்று டின்னைத் திறந்து, ஓர் அதிரசத்தை அவர் கையில் வைத்தாள். நைனா குழாயைப் பார்த்தார். ஈரமாயிருந்த என் பாவாடை ஓரத்தைப் பார்த்தார். அதிரசத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, குழாயைக் காட்டி அத்தையிடம், "அது என்னுது இல்லம்மா. இரு, வேற தரேன்" என்றார்.

செங்கல் நிறம்தான் வந்தது. கிறிஸ்மஸ் பிரசங்கத்தை வேறு யாரோ செய்தார்கள். காப்பாற்ற வந்தவளைக் காட்டிக்கொடுத்துவிட்டாரே என்று ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. இனிப்பைத் தொடாமலே டிசம்பரில் ஏறுகிறது. குளிர்காலத்தில் சிலருக்கு அப்படித்தான் என்கிறார் டாக்டர். என் மகன் என்னை ஒன்றும் கேட்பதில்லை. அதிரச டின்னை மட்டும் எனக்கு எட்டாத அலமாரிக்கு மாற்றிவிட்டு, அன்பாகச் சிரிக்கிறான். அன்று நைனாவை நம்பாதவள் அத்தை ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.