ரெண்டு நாள் கூடாரம்

கொழும்பில் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, ஈர மண்ணில் படுக்கும் பாக்கியம் தேடி நானும் அலுவலக நண்பரும் வந்திருக்கிறோம். சைக்கிள் பயணம்தான், ஹட்டன் வரை சைக்கிள்கள் ரயிலில் வந்தன. கொட்டகலைக்குக் கீழே ஆற்றோரம் கூடாரம் அடித்தாயிற்று. இந்தக் கூடாரத்தின் விலைக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கியிருக்கலாம், ஆனால் குளிரை இவ்வளவு நெருக்கமாக அனுபவிக்க முடியாது. மழை தூறுகிறது. இயற்கை, ரத்தம் குடிக்கும் அட்டையின் வடிவில் என் காலுறைக்குள் ஏறுகிறது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பும் ஒரு பெண் எங்களைப் பார்த்துப் பதறி நிற்கிறார்.

"ஐயோ, எந்தத் தோட்டங்க? லயத்து வீட்டு மேல மண்ணு சரிஞ்சிருச்சா? புள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

"இல்லைங்க, வீடு நல்லாத்தான் இருக்கு. சும்மா ஆசைக்குத் தங்குறோம்."

அவர் நம்பவில்லை. தன் பையிலிருந்து மிச்ச ரொட்டியை எடுத்து நண்பர் கையில் வைக்கிறார்.

"ரெண்டு நாளைக்குத்தாங்க," என்கிறேன் அவசரமாக.

"எங்களுக்கும் அப்படிச் சொல்லித்தாங்க டென்ட் குடுத்தாங்க. இந்த மழையோட நாலு வருசம்."