தெருப்பக்கக் கூரை

மற்ற விருந்தாளிகளுக்கு வீடுகள் முகத்தைக் காட்டும்; மீட்டரம்மாவுக்கு முதுகைத்தான் காட்டும். இருபத்தெட்டு வருஷம் மின்சார அலுவலகத்துக்காக மாதாமாதம் சந்து சந்தாக நுழைந்து, உடைந்த நாற்காலிக்கும் காலி வாளிக்கும் பின்னால் மீட்டரைத் தேடிப்பிடித்து எண்ணைக் குறித்தவர். எந்த வீட்டில் இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி வந்தது, எந்த வீட்டுப் பிள்ளை வெளியூர் போய்விட்டான், வருகிறவர்களுக்கெல்லாம் எளிமையைப் போதிக்கிற எந்தப் பெரிய மனிதர் வீட்டில் ஹீட்டர் காலை முதல் மாலைவரை கொதித்துக்கொண்டே இருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அவர் சிரிக்கிற விதத்தில் மற்றவர்களே புரிந்துகொண்டு சங்கடப்பட்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கரண்ட் பில்லைக் குறைக்கத் தெருவே அவரிடம் ஆலோசனை கேட்டது. கேட்டதே தவிர, செய்ததில்லை. காரணம், அவருடைய ஆலோசனை மலிவாக இருந்தது. "முதல்ல ஓட்டையை அடைங்க. அப்புறம் பழசைத் தூக்கிப் போடுங்க. சூரியப் பலகைன்னு கூரை மேல ஏறுறதெல்லாம் கடைசி." விலை உயர்ந்த மருந்து எழுதித் தருவார் என்று நம்பிப் போன நோயாளியிடம் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னால் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போகும் கேட்பவர்களின் முகம்.

அவர் ஒரு சோதனை செய்து காட்டுவார். குளிர்சாதனப் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி, காகிதத்தை இழுப்பார். சிக்கிக்கொண்டால் கதவு ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால், "பொட்டிக்குள்ள இருக்கிற குளிர்ல சமையலறையே சுகமா இருக்குமே!" என்று அந்த வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்.

அவர் வீட்டுப் பெட்டியை மட்டும் அவர் சோதித்ததே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கியது. ரப்பர் இற்றுப்போய், பழைய கைப்பையின் வாரால் கதவை இறுக்கிக் கட்டியிருந்தது. பின்னறையில் நின்று, லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி முனகிக்கொண்டிருக்கும். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "ஓடுதுல்ல?" என்பார். இதே பதிலை நாற்பது வீடுகளில் கேட்டு நாற்பது முறையும் ஏளனம் செய்தவர் அவர். தனியாக இருக்கிற வீட்டில் ஒரு சத்தம் வேண்டியிருந்தது என்பது அவர் வெளியே சொல்லாத காரணம்.

இரண்டு வீடு தள்ளி அவருடைய தம்பி இருந்தார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர்; பள்ளி அவரை விட்டுவிட்டது, அவர் பள்ளியை விடவில்லை. தெருவில் இன்றும் ஹெட்மாஸ்டர்தான். பேப்பர்காரனிடம் பேசும்போதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அவர் மனைவி மாடியில் தையல் மிஷின் போட்டு, பள்ளிச் சீருடைகள் தைத்தார். தெருவுக்கு அவர் டெய்லரக்கா. அந்தத் தையலை ஹெட்மாஸ்டர் பொழுதுபோக்கு என்பார். அந்தப் பொழுதுபோக்கில்தான் மகளின் கல்லூரிப் படிப்பு முடிந்தது என்பது அவருடைய பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

மாடி அறைக்குத் தகரக் கூரை. உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரியும். ஒரு சரிவு தெருவைப் பார்க்கும், மற்றது பின்னால் துணி காயும் கொடியைப் பார்க்கும். பகல் பதினொரு மணிக்கு மேல் அங்கே உட்கார முடியாது. போன வருஷம் டெய்லரக்கா காலர் தைத்துக்கொண்டிருந்தபடியே மிஷின்மேல் தலை சாய்ந்து மயங்கிவிட்டார். அந்த வெக்கையில் இனி உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் நானூறு சீருடை. பள்ளி திறக்க இரண்டு மாதம். ஒன்று அறை குளிர வேண்டும், இல்லை ஆர்டர் கடைத்தெருத் தையல்காரருக்குப் போக வேண்டும். போன ஆர்டர் மறு வருஷம் திரும்பி வராது.

"அண்ணி, நீங்கதான் அவர்கிட்ட ஏதாவது சொல்லணும்" என்றார் டெய்லரக்கா.

மீட்டரம்மா மாடிக்குப் போய், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கைவிரல் நுழைகிற இடைவெளிகளைப் பார்த்தார். தகரத்துக்கு அடியில் வெக்கையைத் தடுக்கும் பலகை அடித்து, இடைவெளியை அடைத்து, மேலே வெள்ளை பூசினால் பாதி நோய் தீரும் என்றார். ஹெட்மாஸ்டர் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே சன்னல் வழியாக எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தார்.

எதிர்வீடு மருந்துக்கடைக்காரருடையது. அவர்தான் தெருவில் முதன்முதலில் சூரியப் பலகை போட்டவர். தெருப்பக்கச் சரிவில் பத்து, பளபளவென்று. அவர் வீட்டுக்குத் தெருப்பக்கம்தான் வெயில் பக்கம்; அதில் அவருடைய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, வீடு அப்படி நின்றது. ஆனால் தற்செயலாகச் சரியாகச் செய்தவனைப் போல ஆலோசனை சொல்லத் துடிக்கிறவன் எவனும் இல்லை. "தெருப்பக்கம் போடுங்க, பிரமாதமா வருது" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். இந்த வரிசை வீடுகள் அவர் வீட்டைப் பார்த்தபடி நிற்பவை. இவற்றின் தெருப்பக்கம் வெயிலுக்கு முதுகைக் காட்டும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அடுத்தடுத்து நான்கு வீடுகள் தெருப்பக்கமே போட்டன. பலகைகள் சூரியனைப் பார்க்காவிட்டால் என்ன, மருந்துக்கடைக்காரரைப் பார்த்தனவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காரன் வந்தான். கழுத்தில் டை, கையில் டேப்லெட், வாய் நிறைய சார்.

"எதிர்வீட்ல எத்தனை?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பத்து சார்."

"அப்ப நமக்குப் பன்னிரண்டு."

தேவையைக் கணக்கிடும் முறை இதோடு முடிந்தது. மீட்டரம்மா மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இந்த வீட்ல எவ்வளவு கரண்ட் செலவாகுதுன்னு கேட்டியா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேடம்."

"எந்தப் பக்கம் போடுறே?"

"சார் தெருப்பக்கம் கேட்டிருக்காரு."

"வெயில் பின்பக்கம்ல அடிக்குது? பக்கத்து அடுக்குவீட்டுத் தண்ணித்தொட்டி வேற தெருவோரமா நிக்குது. மதியம் திரும்பினா அந்த நிழல் முன்பக்கம்தான் விழும். ஒரு பலகை நிழல்ல இருந்தா அதோட கோத்திருக்கிற மத்ததும் சேர்ந்துல்ல படுத்துக்கும்?"

"எந்தப் பக்கம் போட்டாலும் வரும் மேடம். கொஞ்சம் கூடக் குறைய."

"அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு எழுதிக் குடுப்பியா?"

கம்பெனிக்காரனுக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டான்.

ஹெட்மாஸ்டர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அக்கா, பின்னாடி போட்டா யாருக்குத் தெரியும்?"

"மீட்டருக்குத் தெரியும்டா."

"உனக்கு எல்லாத்துலயும் நொட்டை சொல்லணும். பலகை வந்தா கரண்ட் சும்மா வரும். மாடி ரூம்ல ஏசி போட்டா அவ பாட்டுக்குத் தைக்கப் போறா. இதுல தகரத்துக்கடியில பலகை அடிக்கிறது, ஓட்டை அடைக்கிறதுன்னு எதுக்கு?"

"ஓட்டைப் பானையில தண்ணி ஊத்திட்டு, குழாய் பெருசா இருக்குன்னு சந்தோஷப்படுறே."

டெய்லரக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாயில் குண்டூசிகள் இருந்தன. முக்கியமான நேரங்களில் அவர் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கை அமைதியாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பன்னிரண்டு பலகைகளும் தெருப்பக்கம் ஏறின. ஏசியும் வந்தது. ஹெட்மாஸ்டர் போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு, எவ்வளவு மின்சாரம் வந்தது என்று தெருவுக்கே காட்டினார். காலை ஒன்பது மணிக்குக் காட்டுவார், பத்து மணிக்குக் காட்டுவார். மதியத்துக்குப் பிறகு போன் சட்டைப்பைக்குப் போய்விடும். யாராவது கேட்டால் மேகம் என்பார். அந்த மாதம் வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

மாடியில் ஏசி இரைந்தது. தகரம் மேலிருந்து சுட்டது. சுவரிடுக்குகள் வழியாகக் குளிர் வெளியே போய்க் காக்கைகளுக்கு உபகாரம் செய்தது. ஆனாலும் உட்கார முடிந்தது. டெய்லரக்கா இருபது நாளில் நூற்றைம்பது சீருடை முடித்தார்.

இருபத்தோராம் நாள் பகல் ஒரு மணிக்குத் தெருவில் மின்சாரம் போனது.

ஹெட்மாஸ்டர் பதறவில்லை. இந்தத் தருணத்துக்காகத்தான் காத்திருந்தார். வாசலில் வந்து நின்று, "நம்ம வீட்ல ஓடும்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் அறிவித்தார். ஓடவில்லை. உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். பிறகு அக்கா வீட்டுக்கு ஓடினார்.

"அக்கா, பலகை ரிப்பேர்."

"ரிப்பேர் இல்ல. தெருக் கம்பியில கரண்ட் இல்லேன்னா அது தானா நின்னுடும். இல்லேன்னா உன் கூரைக் கரண்ட் கம்பி வழியாப் போயி, கம்பத்துல வேலை செய்றவனைத் தூக்கி அடிச்சுடும். தனியா ஓடணும்னா பேட்டரியும் அதுக்குத் தோதான இன்வெர்ட்டரும் வேணும். அந்தப் பையன் சொல்லலியா?"

"நீ ஏன் சொல்லல?"

"நீ கேட்டதெல்லாம் எதிர்வீட்ல எத்தனைன்னுதானேடா."

அதற்குள் மாடியில், ஏசிக்காகச் சன்னலையெல்லாம் சாத்தியிருந்த அறை அடுப்பாகியிருந்தது. டெய்லரக்கா கண் இருட்டும்வரை காத்திருக்கவில்லை. போன வருஷம் காத்திருந்து பார்த்தாயிற்று. அவருடையது காலால் மிதிக்கிற மிஷின். அந்த வீட்டில் மின்சாரமே தேவைப்படாத ஒரே பொருள் அது, ஒரே மனுஷி அவர். மிஷின் தலையைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு, வெட்டிய துணி மூட்டையைத் தோளில் போட்டபடி மீட்டரம்மா வீட்டுக்குப் போகத் தெருவில் இறங்கினார். மிஷின் அடிச்சட்டத்தின் ஒரு முனையை மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து பிடித்தார்; மறுமுனையைப் பேப்பர்காரன். "என்னங்க, சோலார் இருந்துமா?" என்று மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

ஹெட்மாஸ்டர் தன் பன்னிரண்டு பலகைகளுக்குக் கீழே நின்றிருந்தார். தெரு பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். தெரு பார்த்தது.

மீட்டரம்மா வீட்டில் பின்னறைதான் குளுமை. ஆனால் மிஷின் போட வெளிச்சமான இடம் ஒன்றே ஒன்றுதான், அங்கே கரண்ட் இல்லாமல் வாயடைத்துப் பெட்டி நின்றது.

"அண்ணி, இதைக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

"எங்கே நகர்த்துறது? கரண்ட் வந்தா அது பாட்டுக்கு ஓடும்."

டெய்லரக்கா மூட்டையிலிருந்து அளவுக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்தார். கைப்பை வாரை அவிழ்த்து, கதவிடுக்கில் காகிதத்தை வைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கையை எடுத்தார். இழுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. காகிதம் தானாக நழுவித் தரையில் விழுந்தது.

டெய்லரக்கா அதை எடுத்து மீட்டரம்மாவிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் அண்ணி."

இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் வீட்டு முதுகைப் பார்த்துச் சிரித்தவருக்கு, தன் முதுகில் யாரோ தட்டினாற்போல இருந்தது. "வாயில எப்பவும் ஊசியை வச்சிருப்பே, இன்னைக்குக் குத்திட்டே" என்றார். மறுநாள் பழைய சாமான்காரன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனான். மீட்டரம்மா வாசல்வரை கூட வந்து, பள்ளத்தில் பார்த்து இறக்கச் சொன்னார். சின்னதாகப் புதுப்பெட்டி ஒன்று சமையலறைக்கு வந்தது; அது ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சத்தத்துக்குக் குறைவில்லை. பின்னறையில் மிஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

கரண்ட் வந்த பிறகும் டெய்லரக்கா அங்கேயே தங்கிவிட்டார். நாலாம் நாள் ஹெட்மாஸ்டர் வந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால் இல்லை. அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, இப்ப நான் என்ன செய்யணும்?"

"எங்கிட்ட ஏன் கேக்கிறே? அவ உள்ள இருக்கா."

டெய்லரக்கா ஒவ்வொரு குண்டூசியாக எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகுதான் பேசினார்.

"கூரைக்கடியில பலகை. சுவரிடுக்கெல்லாம் அடைக்கணும். மேல இருக்கிறதைப் பின்பக்கம் மாத்தணும். அதுக்கப்புறம் வரேன். இதுல எது ஆகலேன்னாலும் நான் இங்கேயே தைக்கிறேன். ஆர்டரை மட்டும் விட மாட்டேன்."

ஹெட்மாஸ்டர் தாளில் எழுதிக்கொண்டார். அழகான கையெழுத்து. வாழ்க்கையில் முதன்முறையாக வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. சூரியப் பலகைகள் பின்பக்கம் போயின. சூரியனைப் பார்த்து உட்கார்ந்தன, கீழே தகரத்துக்கு நிழலும் தந்தன. பலகைகளைக் கழற்றும்போது கேட்டவர்களிடமெல்லாம் ஹெட்மாஸ்டர் பூமியின் சாய்வைப் பற்றி விளக்கினார். இந்தக் கண்டுபிடிப்பை அவரே செய்ததுபோல இருந்தது. அவருடைய அக்கா அந்த வகுப்பைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு கடந்துபோனார்.

நானூறில் கடைசிக் கட்டு சீருடை பள்ளிக்குப் போன அன்று, பகல் இரண்டு மணிக்கு மீட்டரம்மா தம்பி வீட்டு மாடி ஏறினார். ஏசியைப் போட வேண்டாம் என்றார். நாற்காலி மேல் ஏறி, தகரத்துக்கு அடியில் அடித்திருந்த புதுப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். சுவரோரம் கையை நகர்த்தி, மூலைகளைத் தடவினார். டெய்லரக்கா பரீட்சை முடிவுக்கு நிற்கிற பெண்ணைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரத்தில் ஹெட்மாஸ்டரும் நின்றார்.

"ம்" என்றார் மீட்டரம்மா. "மிஷினைக் கொண்டு வந்துடு."

மிஷின் அன்றைக்கே திரும்பி வந்தது. இந்த முறை அடிச்சட்டத்தின் ஒரு முனையை ஹெட்மாஸ்டரே பிடித்தார்.

படி இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் மீட்டரம்மா அண்ணாந்து பார்த்தார். தெருப்பக்கச் சரிவில் இரண்டு பலகைகள் இன்னும் இருந்தன, துடைத்துப் பளபளவென்று. எந்தக் கம்பியும் அவற்றிலிருந்து வரவில்லை.

"அது என்னடா?"

"பின்பக்கம் இடம் பத்தல அக்கா" என்றார் ஹெட்மாஸ்டர். கைகள் பழையபடி முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. எதிர்வாசலில் மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். ஹெட்மாஸ்டர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "நம்மது ரெண்டு பக்கமும்."