எஸ்தரம்மா கையெழுத்துப் போட மறுத்த அறிக்கை

போன செவ்வாய்க்கிழமை காலை, வீங்கிய கன்னத்தோடு பல் மருத்துவரின் வாசலில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. எஸ்தரம்மாவின் மகள் பேசினாள். “அங்கிள், அம்மா விடியக்காலம் போயிட்டாங்க. உங்களுக்கு மொதல்ல சொல்லோணும்னு தோணுச்சுங்க” என்றாள். எனக்கு ஏன் முதலில் என்று கேட்க வாய் வரவில்லை. பல்லைப் பிடுங்காமலே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் பேரூராட்சியில் தொண்ணூறுகளில் வேலை பார்த்து, இப்போது நம் ஓய்வூதியர் சங்க மலரில் இதைப் படிக்கிற உங்களுக்கு எஸ்தரம்மாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் பில் கலெக்டர், அதாவது வரி வசூலர். கணவர் அதே வேலையில் இருந்தபோது இறந்துபோக, கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். நான் தலைமை எழுத்தர். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இரங்கல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “அமைதியே உருவான அம்மையார்” என்று பேசினார். அமைதியாவது ஒன்றாவது! அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் அவரோடு மல்லுக்கட்டிய எனக்கல்லவா தெரியும்! பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ இருக்கும், மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் பிடித்த பிடியை மட்டும் விட மாட்டார்.

கடைவீதியில் இருந்த அந்தப் பழைய ஓட்டுக் கட்டிடத்தை நினைத்தால் இப்போதும் மனது இளகிவிடுகிறது. பக்கத்தில் பருத்தி அரைக்கும் ஜின்னிங் பேக்டரி. காற்றடி காலத்தில் பஞ்சுத் தூசி பறந்து வந்து பைல்கள் மேல் படிந்துவிடும். ஊதி ஊதித்தான் எழுத வேண்டும். பதினோரு மணிக்கு எதிர் பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும் வரும். எஸ்தரம்மா பன்னை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவார். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் பன் மட்டும் வந்துவிடும். நாற்பது வயதில் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் நாளே குப்பைக் கிடங்குக்குள் போய் விழுந்தார். நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, “நம்ம ஆபீசு எடந்தானுங்க, வேற எங்கயும் போயி உழுகுலீங்களே” என்றார்.

வரி வசூலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆரம்பத்தில் எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் வீடு வீடாகப் போய், “வரி கட்டிப்போடறீங்களா?” என்று கேட்பார்கள். “ஆகட்டுங்க, கட்டிப்போடறோம்” என்று எல்லா வீட்டிலும் மோர் கொடுத்து அனுப்புவார்கள். அதோடு சரி. எஸ்தரம்மா அப்படிக் கேட்க மாட்டார். “வெள்ளிக்கிழமை வாரதுங்களா, சந்தை முடிஞ்சு திங்கக்கிழமை வாரதுங்களா?” என்பார். ஒரு நாள் அவரிடமே இந்தச் சூட்சுமத்தைக் கேட்டேன். “நம்ம சனம் இல்லைன்னு சொல்லாதுங்க சார். அவங்களைச் சங்கடப்படுத்தாத மாதிரி நாமதானுங்க கேக்கோணும்” என்றார். கேட்டுக்கொண்டேன். மண்டையில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கட்டிடங்களை ஒன்றாக்கும் திட்டம் வந்தது. கடைவீதி ஆபீஸ் ஒழுகிக்கொண்டிருந்தது. ஊரின் கீழ்க்கோடியில், ஆதிதிராவிடர் காலனிக்குப் பக்கத்தில், இரண்டு அறைகளில் ஒரு கிளை ஆபீஸ் இருந்தது. ஒரு அறையில் பிறப்பு இறப்புப் பதிவும் குழாய்ப் புகாரும். இன்னொன்றில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்சம்மா. இரண்டு கட்டிடங்களையும் மூடிவிட்டு ஒரே புதுக் கட்டிடம் கட்டுவது என்று முடிவாகி, எங்கள் வீதியில் எங்கள் பங்காளி ஒருவர் இடத்தை இனாமாகக் கொடுத்தார். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சுடுசோறு சாப்பிட்டுவிட்டு வரலாமே!

மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த மாற்றத்தால் பெண்கள், முதியோர், ஊனமுற்றோர், ஆதிதிராவிடர் ஆகியோருக்கு இடையூறு ஏதும் நேருமா என்று விசாரித்து அறிக்கை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெள்ளை வேட்டி சட்டையோடு வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனேன். “புது ஆபீசுக்கு வந்துக்குவீங்களா? சிரமம் ஒண்ணும் இல்லீங்களே?” என்று வீடு வீடாகக் கேட்டேன். “ஆகட்டுங்க, வந்துக்கிறோமுங்க” என்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் கைநாட்டு வைத்தார்கள். ‘எவருக்கும் ஆட்சேபணை இல்லை’ என்று அழகாக எழுதி, செயல் அலுவலரிடம் சபாஷும் வாங்கிவிட்டேன்.

அந்தப் பகுதியின் பில் கலெக்டர் என்பதால் அறிக்கையில் எஸ்தரம்மாவின் கையெழுத்தும் வேண்டும். அவர் படித்துவிட்டு என் மேசையிலேயே திருப்பி வைத்தார்.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க.”

“ஏனுங்க? ஒருத்தர் விடாம எல்லாரும் சரின்னுட்டாங்களே!”

“அதுதானுங்க இடிக்குது. எல்லாரும் சரின்னா அங்க என்னமோ சரியில்லீங்க. நீங்க போயி நின்னு வாரீங்களான்னு கேட்டா, மாட்டேன்னு சொல்ற ஆளு நம்மூர்ல எங்கீங்க இருக்குது?”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் வேலையில் குறை சொல்ல இவர் யார் என்று கத்தினேன். கையெழுத்துப் போடாவிட்டால் மெமோ வரும் என்று செயல் அலுவலரும் மிரட்டினார். “வரட்டுங்க” என்றார் எஸ்தரம்மா. பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்குக் காலம்பர என்னோட ஒருக்கா வாங்க சார். ஒரே ஒரு கேள்விதான். அப்பறமும் உங்களுக்குச் சரின்னு பட்டா இதுலயே போட்டுக் குடுத்துடறேன்” என்றார்.

மறுநாள் போனோம். முதல் வீடு மாராயி என்ற அம்மாளுடையது. மருமகளுக்கு ஏழாம் மாதம். எஸ்தரம்மா திட்டின்மேல் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார்: “புது ஆபீசுக்கு இந்தப் புள்ளையக் கூட்டிட்டு எந்த வழியாங்க வருவீங்க?”

மாராயி யோசிக்கவே இல்லை. “ஏரி மேட்டுல ஏறி, மில்லுக்குப் பொறத்தால போயி, கோயிலைச் சுத்திட்டு வந்து பின்பக்கமா நின்னுக்குவோமுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அத்தனை சுத்து என்னத்துக்குங்க? நேரா எங்க வீதியில வந்தா பத்து நிமிஷமுங்களே?”

அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். “ஆகட்டுங்க சாமி” என்றார்.

அடுத்த வீட்டில் கேட்டோம், ஏரி மேடு. அதற்கடுத்த வீடு, ஏரி மேடு. கால் ஊனமான ஒருவர், அவருக்கும் ஏரி மேடுதான். கடைசியில் மில்லுக்குப் போகிற ஒருவர்தான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “உங்க வீதியில சைக்கிள்ல ஏறிப் போகக் கூடாதுங்க. செருப்பையும் கையில எடுத்துக்கோணும்.”

“இந்தக் காலத்துல யாருங்க அப்படிச் சொல்றது?” என்றேன். உண்மையாகவே கேட்டேன்.

“போன மாசம் உங்க அண்ணன்தானுங்க எறங்கச் சொன்னாரு” என்றார் அவர்.

அந்த வீதியில் பிறந்து வளர்ந்தவன் நான். காலனிக்காரர் ஒருவர் சைக்கிளில் ஏறி எங்கள் வாசலைக் கடந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லை என்பதுகூட அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எஸ்தரம்மா குடையை விரித்துக்கொண்டு, “வாங்க, அப்படியே போலாம்” என்று ஏரி மேட்டில் ஏறினார். வழியெல்லாம் சீமைக்கருவேல முள். பாதியிலேயே என் செருப்பு வார் அறுந்துவிட்டது. புது மனைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

சாயங்காலம் உட்கார்ந்து அறிக்கையைத் திருப்பி எழுதினேன். தூரம் அதிகம், பாதை கரடுமுரடு, கர்ப்பிணிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் ஆகாது, ஆகவே கிளை அலுவலகம் அங்கேயே நீடிக்க வேண்டும் என்று எழுதினேன். எஸ்தரம்மா இரண்டு முறை படித்தார்.

“ஏரி மேட்டு வழியா எதுக்குப் போறாங்கன்னு இதுல காணோமுங்களே?”

“அதை எழுதிப்போட்டு நான் அந்த வீதியில குடியிருக்க முடியுமுங்களா?” என்றேன்.

அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். “நர்சம்மா ரூமு அங்கயே இருந்தாப் போதுமுங்க. இத நீங்க பேப்பர்ல எழுத வேண்டாம். உங்க ஊட்டுல ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப்போடுங்க” என்றார்.

“ஆகட்டுங்க” என்றேன்.

சொன்ன அந்த நிமிஷமே அது எப்படிப்பட்ட ‘ஆகட்டுங்க’ என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. எஸ்தரம்மா லேசாகச் சிரித்துவிட்டு மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கிளை ஆபீஸ் அங்கேயே நீடித்தது. மற்றதெல்லாம் எங்கள் வீதிக்கு வந்தது. மாராயியின் பேத்தி பிறந்ததைக் கிளையில்தான் பதிந்தார்கள். எஸ்தரம்மா வேலை மெனக்கெட்டு அந்தப் பதிவேட்டை என் மேசைக்குக் கொண்டுவந்து காட்டினார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட என்னிடம், “சொன்னீங்களா?” என்று கேட்கவில்லை. பணி ஓய்வுக்குப் பின் எங்கே பார்த்தாலும், “அண்ணன் நல்லா இருக்காருங்களா?” என்று மட்டும் விசாரிப்பார். “நல்லா இருக்காருங்க” என்பேன். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

நல்லடக்கத்துக்குப் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். அழுகை வந்தது, அழுதேன். எஸ்தரம்மாவின் நினைவாக என்னிடம் போட்டோ இல்லை, கடிதம் இல்லை. அவர் நம்பாமலே ஏற்றுக்கொண்ட ஒரு ‘ஆகட்டுங்க’ மட்டும்தான் இருக்கிறது.

அதனால் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், வீட்டில் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து அதுவரை எழுதியிருந்ததை வாசித்தேன். அண்ணன், அண்ணி, என் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். சைக்கிள்காரர் பேசும் இடம் வந்ததும் அண்ணன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நிறுத்தச் சொல்லி மனைவி கண்ணைக் காட்டினாள். நான் நிறுத்தவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி மீதியையும் வாசித்து முடித்தேன்.

சொல்லிப்போட்டேனுங்க, எஸ்தரம்மா.