படம் தெரியாமல் பகிர்ந்தவள்

அடெல்ஃபா மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால் எந்தக் குழந்தையும் ஊசிக்கு அழாது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் சும்மா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி அழும். அவள் உடனே பக்கத்து வீட்டுச் சேவலைப் பார்த்து, "நீதானடா கொத்துன?" என்று சண்டைக்குப் போவாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சேவலை முறைக்கும்.

இலோய்லோ நகரத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே சுகாதாரப் பணியாளர் அவள்தான். எடை பார்ப்பது, தடுப்பூசி நாளைச் சொல்லி வீடு வீடாக அழைப்பது எல்லாம் அவள் வேலை. புருஷன் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போனவன். ஒரே மகன் ரென்வில்; ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஞானத்தாயாக நின்றவள் நான். அந்த உறவில் நானும் அவளும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ரென்விலுக்கு ஒரு சீருடை வேலை கிடைத்துவிட வேண்டும், அவன் கடலுக்குப் போகக் கூடாது. அவளுக்கு இதைத் தவிர வேறு ஆசை கிடையாது. அவன் தேர்வில் தேறியும் விட்டான். கேப்டன் என்று நாங்கள் கூப்பிடும் ஊர்த் தலைவர் தரும் நன்னடத்தைச் சான்று மட்டும்தான் பாக்கி.

என் கடையில் வாழைப்பழப் பொரியலும் போன் ரீசார்ஜும் விற்கிறேன். ரீசார்ஜ் தீர்ந்து போனாலும், ஊரே பதிவு போடும் அந்தச் சமூக வலைத்தளம் மட்டும் எங்களுக்கு இலவசமாகத் திறக்கும். எழுத்து வரும், படம் வராது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் நிற்கும். மாதத்தில் பாதி நாள் நாங்கள் உலகத்தைப் பார்ப்பது இப்படித்தான்.

தேர்தல் நெருங்கிய நேரம். ஊர் இரண்டு நிறச் சட்டையாகப் பிரிந்து கிடந்தது. 'எங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி மருந்து எங்கே? நீ தாயாக இருந்தால் பகிர்' என்று யாரோ போட்டிருந்தார்கள். மருந்து வராமல் வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் இவள். பகிராமல் இருப்பாளா?

அந்தச் சாம்பல் கட்டத்துக்குள் மலையில் துப்பாக்கியோடு திரிகிறவர்களின் கொடி இருந்திருக்கிறது.

மறுநாள் பெயர் தெரியாத ஒரு பக்கத்தில் அடெல்ஃபாவின் முகம் வந்தது, சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு. 'மலைக்காரர்களின் ஆள் நம் பிள்ளைகளை மடியில் தூக்கி வைக்கிறாள்.' அவள் தன் பகிர்வை அழித்துவிட்டாள். அதற்குள் திரையோடு படம் பிடித்து வைத்தவர்களிடமிருந்து அதை அழிக்க யாரால் முடியும்? அப்படி முகம் வந்த சிலர் பிறகு வீடு திரும்பியதில்லை. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

கடைக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்து அந்தப் பதிவின் மேல் புகார் அழுத்த வைத்தேன். 'இது எங்கள் விதிகளை மீறவில்லை' என்று எல்லோருக்கும் ஒரே பதில். அடெல்ஃபா எங்கள் மொழியிலேயே விளக்கம் எழுதினாள்: 'நான் யாருடைய ஆளும் இல்லை. இப்படிப் பழி போட்டால் என்னைக் கொன்றுவிடுவார்கள்.' வன்முறையைத் தூண்டுகிறது என்று அதை நீக்கிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாணலியைக் கவிழ்த்திருப்பேன். யார் மேல் கவிழ்ப்பது? அங்கே ஆளா இருக்கிறது?

காவல் நிலையத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நகரத்தில் இதற்கென்று தனி அலுவலகம் இருப்பதாகச் சொன்னார்.

அடெல்ஃபா போனை நீட்டினாள். "சார், இந்தப் பதிவுக்கு நீங்களும் சிரிச்சிருக்கீங்களே."

"கை பட்டிருக்கும் மானாங்," என்றார், வயதில் மூத்தவளுக்குத் தர வேண்டிய மரியாதை குறையாமல்.

பிறகு கேப்டன் வீடு. அந்தப் பக்கத்தை நடத்துவது அவருடைய மருமகன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நிரூபிக்கத்தான் ஆள் இல்லை. கேப்டன் காப்பி கொடுத்தார்.

"நான் உங்கள நம்புறேன் மானாங். ஜனங்க நம்பணுமில்ல?"

"ஜனங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் கேப்டன்."

"தேர்தல் நேரத்துல நான் எப்படிச் சொல்றது? பையன் சான்றுல கையெழுத்து என்னோடது. நாளைக்கு எவனாவது கேட்டா? பையன் தன் பக்கத்துல நாலு வரி எழுதட்டும், எனக்கும் அம்மா செஞ்சதுக்கும் சம்பந்தமில்லன்னு. அன்னைக்கே போட்டுத் தந்துடுறேன்."

ரென்வில் மாட்டேன் என்றான். "கடலுக்கே போறேன். அப்பா போகலையா?"

அதைக் கேட்டதும் அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவனை என் கடை பெஞ்சில் உட்கார வைத்து, போனைக் கையில் கொடுத்தாள். நான் தடுத்திருப்பேன். தடுத்துவிட்டு அவனுக்கு என்ன வழி காட்டுவேன்?

"எழுது. இந்தப் பொம்பளை செஞ்சதை நான் கண்டிக்கிறேன்."

அவன் எழுதினான்.

"'அம்மா'ன்னு போட்டிருக்க. அதை எடுத்துட்டுப் பேரைப் போடு."

"அம்மா..."

"பேரைப் போடுடா. முழுப் பேரும்."

அந்தப் பதிவுக்குக் கேப்டன் முதல் ஆளாக இதயம் போட்டார். அன்று சாயங்காலமே சான்று வந்தது. தளம் அந்தப் பதிவை நீக்கவில்லை. அதில் என்ன தவறு கண்டுபிடிக்க முடியும்? எடை பார்க்கக்கூடத் தாய்மார்கள் பிள்ளைகளை அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நேரில் பார்த்தால் அவளிடம் சிரிப்பார்கள், அவள் பக்கத்தில் மட்டும் நிற்க மாட்டார்கள்.

ரென்வில் பயிற்சிக்குக் கப்பல் ஏறிய அன்று துறைமுகத்துக்கு நான்தான் போனேன். யாராவது இருவரையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் வரவில்லை. நான் திரும்பியபோது என் கடையில் பொரியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டானா மாரே?"

"சாப்பிட்டான்."

"என்னைக் கேட்டானா?"

துறைமுகத்தில் சுற்றிலும் சீருடைக்காரர்கள் நின்றார்கள். அவன் கேட்கவில்லை, நானும் அவள் பேரை எடுக்கவில்லை.

"கேட்டான்," என்றேன்.

"ஐயோ, சத்தமாவா கேட்டான்?" என்று பதறினாள்.