மூடாமல் போன கோப்பு

அந்த மருத்துவமனையில் அவளுக்குச் சாவிக்காரி என்றுதான் பெயர். நோயாளிகளின் கோப்புகளையெல்லாம் குறியாக்கிப் பூட்டி வைத்திருந்தாள். காலையில் வந்ததும் பென்டிரைவில் இருக்கும் சாவிகளைக் கர்னலிடம் கொடுப்பாள். கணினிக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் மூல நிரல்தான் இந்தக் கர்னல். அது சாவியை நினைவில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குக் கோப்பைத் திறந்துவிடும். யாராவது வேலையை விட்டுப் போனால், அவருடைய சாவியைக் கர்னல் மறக்கும்படி செய்துவிட்டு, பென்டிரைவைக் குறடால் உடைத்துப் போடுவாள். அதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அவளுக்குத் தீராத தலைவலி தட்டச்சு அக்கா. கோப்பைத் திறந்துபோட்டபடியே சாப்பிடப் போய்விடுவாள். ஒரு கோப்பு திறந்திருக்கும்வரை கர்னலால் அதைப் பூட்ட முடியாது. "மூடிட்டுப் போங்கக்கா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அக்கா காதில் போட்டுக்கொண்டால்தானே!

அன்று ஒரு மருத்துவர் வேலையை விட்டுப் போயிருந்தார். மேசையில் இரண்டு கறுப்புப் பென்டிரைவுகள் கிடந்தன. ஒன்றைச் செருகினாள், சாவியை மறக்கச் சொன்னாள், உருவினாள், உடைத்தாள். அப்புறம்தான் திரையைப் படித்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது இதுதான். மருத்துவருடையதற்குப் பதிலாக, குழந்தைகளின் இதய ஸ்கேன்கள் அத்தனையும் இருக்கும் பெரிய கோப்பின் சாவியை அழித்திருந்தாள். காப்புப் பிரதி இருந்தது. அதுவும் அதே சாவியில் பூட்டியது. மறுநாள் ஒரு குழந்தைக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை.

திரையின் அடியில் இன்னொரு வரி இருந்தது. எப்போதும் அவளை எரிச்சலூட்டுகிற வரி: 'கோப்பு திறந்திருக்கிறது. முழுதாகப் பூட்டவில்லை.'

புண்ணியவதி, இன்றைக்கும் மூடாமல் போயிருக்கிறாள்! திறந்திருக்கும்வரை கர்னல் அதைப் படித்துக் கொடுக்கும். மூடினால் தீர்ந்தது கதை. சாவிக்காரி படிகளில் விழுந்தடித்து ஓடினாள்.

அக்கா அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, மறந்துட்டேம்மா! திட்டாதே, இதோ மூடிடறேன்" என்று மௌஸைப் பிடிக்கப் போனாள்.

"தொடாதீங்கக்கா!"

சாவிக்காரி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் தட்டித் தட்டி, கோப்பை வேறொரு சாவியின் கீழ் நகலெடுக்கத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிடுமோ என்று அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. கடைசியில் நகல் முடிந்தது. புதிய கோப்பைத் திறந்தாள். திரையில் ஒரு சின்ன இதயம் துடித்தது.

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

அக்கா பயந்தே போனாள். "ஏம்மா, ஒரு கோப்பை மூடாததுக்கா இப்படி அழறே? இனிமே சத்தியமா மூடிடறேன்மா!"

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது சாவிக்காரிக்கு. அக்காவின் கையை அவள் இன்னும் விடவில்லை.